பச்சைத் தொட்டியும் பக்கத்து வீட்டுப் பசுவும்

எங்கள் ஒழுங்கைக்குப் பச்சைத் தொட்டி வந்ததில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பழையது எல்லாம் பொன் என்று மூக்குச் சிந்துகிற ஆள் என்று என்னை நினைத்துவிடுவீர்கள். பழையது பொன்னாக இருக்கவில்லை. பெரிய தெருவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற முகப்பில் ஒரு மதகு இருந்தது. அதன் இரண்டு பக்கமும் சொப்பிங் பைகள் குவிந்து கிடக்கும். கோழி இறகும் மீன் குடலும் பழஞ்சோறும் ஒன்றாய்க் கட்டி எறிந்த பைகள். நாய்கள் அவற்றை இழுத்து வந்து என் வாசல் படலையடியில் வைத்துப் பங்கு பிரிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தபால் கந்தோருக்கு வேலைக்குப் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு பூசைக்குப் போய் வந்தேன். அந்தக் குவியல் இன்றைக்கு இல்லை. மதகடியில் ஒரு மரம் நிற்கிறது, அதன் கீழ் ஆட்கள் நின்று கதைக்கிறார்கள்.

என் மனவருத்தம் வேறு. அது பக்கத்து வீட்டு அக்காவின் பசுவைப் பற்றியது.

நான் குருநகரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மீன் இல்லாத சோறு என்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். என்னைக் கட்டின இவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். இடம்பெயர்ந்து, அலைந்து, திரும்பி வந்தபோது கடற்கரையில் எங்கள் வீடு வீடாக இருக்கவில்லை. நகரத்தின் உட்பக்கம் இந்த ஒழுங்கையில் ஒரு காணி கிடைத்தது, வந்துவிட்டோம். ஒழுங்கை முழுதும் சைவ ஆட்கள். கோடியில் ஒரு பிள்ளையார் கோவில். கத்தோலிக்க வேதக்காரர் நாங்கள் ஒரு குடும்பம். ஒருவரும் எங்களை முகம் சுளித்துப் பார்த்ததில்லை, ஆனால் மீன் பொரிக்கிற நாளில் யன்னலைச் சாத்திவிடுவது என் கைக்குத் தானாக வந்துவிட்டது.

எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் கிளுவை வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போய் வரக்கூடிய இடைவெளியை எங்களூரில் பொட்டு என்போம். அக்கா என்னிலும் பத்து வயது மூத்தவர். கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில், அதில் ஒரு பசு. பசுவின் பாலில் கொஞ்சம் பிள்ளையாருக்கு, கொஞ்சம் அக்காவின் தேத்தண்ணிக்கு, மிச்சம் கேட்டவர்களுக்கு. மகன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வந்து, மாட்டை விற்றுப்போட்டுச் சும்மா இருக்கச் சொல்லுவான். ‘சும்மா இருந்து என்ன செய்யிறது?’ என்று அக்கா கேட்பார்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் பூசணிக்காய்த் தோலை வெட்டின குழிக்குள் கொட்டப் போனேன். வேலிக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது.

“பிள்ளை, அதைக் கொட்டாதேயும். இஞ்சாலை தாரும், மாடு தின்னும்.”

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மச்சம் ஒண்டும் கலக்கேல்லைத்தானே?”

“இல்லையக்கா. எங்கடை வீட்டிலை மீனுக்கு வேறை கத்தி, வேறை பலகை.”

அது முழுப் பொய். அன்று பின்னேரமே சந்தைக்குப் போய் இன்னொரு கத்தியும் பலகையும் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அது உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டி வரவும் இல்லை. காலையில் ஒரு வாளியில் அரிசி கழுவின தண்ணீர், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், கத்தரிக்காய்க் காம்பு எல்லாவற்றையும் போட்டுப் பொட்டடியில் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் வாளி கழுவிக் கவிழ்த்தபடி அங்கேயே இருக்கும். ஒழுங்கையில் மற்ற வீடுகளும் அப்படித்தான், அக்காவின் படலையில் வாளியை வைத்துவிட்டுப் போவார்கள். கொடுக்கிறவர் வைப்பார், மாட்டுக்காரர் எடுப்பார், அவ்வளவுதான். மாட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டு வாங்கினால் அது பிச்சை மாதிரி ஆகிவிடும், தானாக வந்தால்தான் அயல். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சோற்றை எந்தக் கையால் சாப்பிடுவது என்பது போல எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு மட்டும் அந்த வாளியில் எப்போதும் ஒரு பயம். ஒரு தரம் இவர் உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் புகுந்து, இறால் கோதை என் மரக்கறி வாளிக்குள் போட்டுவிட்டார். நான் கவனிக்காமல் பொட்டடியில் வைத்துவிட்டேன். யன்னலால் பார்க்கிறேன், அக்கா குந்தியிருந்து ஒரு ஈர்க்கினால் அந்தக் கோதுகளைக் கிண்டி எடுத்து ஒரு சிரட்டையில் போட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. எடுத்து முடித்துவிட்டு, மிச்சத்தைக் கழுவி மாட்டுக்கு வைத்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இவருக்கு அன்று கிடைத்த பேச்சை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கதைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாளிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் வைப்பேன்.

இப்படி வருஷங்கள் போயின. ஒழுங்கையைச் சுற்றியிருந்த வெறும் காணிகளை வெளிநாட்டுக்காரர் வாங்கி மதில் எழுப்பினார்கள். அக்கா மாட்டைக் கட்டி மேய்த்த இடங்கள் ஒவ்வொன்றாக மதிலுக்குள் போயின. வைக்கலும் தவிடும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போதிருந்து எங்கள் வாளிகள்தான் உண்மையில் அந்த மாட்டின் வயிறாக இருந்திருக்கின்றன. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாளி கவிழ்ந்திருந்தது, பால் வந்தது, எல்லாம் சரியென்று நினைத்தேன்.

பிறகுதான் மாநகர சபை எங்கள் ஒழுங்கைக்கு வந்தது.

வாசிகசாலையில் கூட்டம். சபையிலிருந்து ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் வந்திருந்தார், நல்ல பிள்ளை, பொறுமையாகக் கதைத்தார். ஒழுங்கையைப் புதிதாகப் போடப்போகிறார்கள். வாய்க்காலைச் சீமெந்தால் மூடாமல், கல்லும் மணலும் போட்டு மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும்படி கட்டுவார்கள், கிணறுகளுக்கு நல்லது. கரையில் புல் வைப்பார்கள், புங்கையும் பூவரசும் நடுவார்கள். அந்த மரங்களுக்குப் பசளை எங்கள் குசினிகளிலிருந்தே வரும். வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டி. தோல், சோறு, மீன்முள், தேயிலைச் சக்கை, அழுகக்கூடியது எல்லாம் அதற்குள். கிழமைக்கு ஒருமுறை உழவுயந்திரம் வந்து எடுத்துப்போகும்.

கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்றம் பிடித்த மதகைத் தினமும் கடந்தவளுக்குத்தான் அது தெரியும். ஒழுங்கைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாய் இருக்கிறவளுக்குத்தானே வேலை வரும். ஒப்புக்கொண்டேன்.

“ஆருக்கும் சந்தேகம் ஏதும் இருக்கோ?” என்று பிள்ளை கேட்டார்.

கடைசி வரிசை வாங்கில் இருந்த அக்கா எழும்பினார். கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“தோலும் அதுக்குள்ளையோ பிள்ளை?”

“ஓம் அம்மா, மரக்கறித் தோல், பழத் தோல் எல்லாம்.”

“சரி,” என்று அக்கா இருந்துவிட்டார்.

யாரோ சிரித்தார்கள். தோல் போடத்தானே தொட்டி, இதில் என்ன சந்தேகம் என்று எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியை இப்போது எத்தனை தரம் நினைத்துப் பார்க்கிறேன். அது சந்தேகம் இல்லை. அவரால் கேட்கக்கூடிய அளவு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் அது கேட்டு வாங்கினதாகிவிடும். அயலில் இத்தனை காலம் இருந்த எனக்கு அது விளங்கவில்லை, வெளியிலிருந்து வந்த பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

தொட்டி வந்த அன்றே என் வாளியை நிறுத்திவிட்டேன். பொறுப்பாளர் என்பதால் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஆனால் உண்மையான காரணம் அந்த இறால் கோதுதான். இனிமேல் அக்கா ஈர்க்கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாளியைக் கிண்டத் தேவையில்லை. சுத்தமான சைவ வீடுகள் ஒழுங்கை நிறைய இருக்கின்றன, அவர்கள் வாளி போதாதா? என்னிடமிருந்து வாங்குவது அக்காவுக்கு உள்ளூரச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும், முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார், இனி அவருக்கு அந்தப் பாரம் இல்லை என்று நினைத்தேன். பெரிய மரியாதை செய்துவிட்டதாகவே எனக்கு எண்ணம்.

தொட்டித் திட்டம் எங்கள் ஒழுங்கையில் ஓடின ஓட்டம் மற்ற ஒழுங்கைகளுக்குப் பொறாமை. மதகடி வெளித்தது. நாய்கள் வேறு இடம் பார்த்துப் போயின. ஒழுங்கை புதிதாகி, மாரி மழையின் தண்ணீர் ஒரு மணித்தியாலத்துக்குள் நிலத்துக்குள் இறங்கினதை நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தோம். வாய்க்கால் கரையில் புல் பச்சையாய் வந்தது. சபை சாக்குகளில் பசளையைக் கொண்டுவந்து தந்தது, கறுப்பாய், தேயிலைத் தூள் மாதிரி, கொஞ்சமும் மணமில்லாமல். அதை நானே கையால் கன்றுகளுக்குப் போட்டேன். காலையில் செபம் முடிந்ததும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கு நடப்பேன். பெற்ற பிள்ளைகளின் உயரத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை என்று இவர் சொல்லுவார்.

அந்த நாட்களில் அக்கா காலை வேளைகளில் பொட்டடிக்கு வருவார். நான் கவனித்திருக்கிறேன். வந்து நிற்பார், கீழே பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

“என்னக்கா?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா வந்தனான்.”

கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிக் கதைப்போம். இவரின் முழங்கால் நோவைப் பற்றிக் கதைப்போம். பிறகு திரும்பிப் போய்விடுவார். ஒருநாள் பால் தர முடியவில்லை என்று மனம் வருந்தினார், பிள்ளையாருக்கு வைக்க மட்டும்தான் காணுமாம், மிச்சம் இல்லையாம். மாட்டுக்கு வயதாகிவிட்டது என்றேன் நான். ஓம் என்றார். மாடு மெலிந்திருந்ததும் எனக்குத் தெரிந்தது, சோழகக் காற்றடிக்கிற வறட்சிக் காலம், புல் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் காரணங்களால் மூடுவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம்.

ஒருநாள் காலை தண்ணீர் வாளியோடு போனால், வாய்க்கால் கரைப் புல் கட்டையாகக் கிடக்கிறது. இரண்டு பூவரசங் கன்றுகளுக்குத் தலை இல்லை. பசளை போட்ட மண்ணில் குளம்படி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது அன்று தலைக்கு ஏறிவிட்டது. நேரே பொட்டடிக்குப் போனேன்.

“அக்கா, மாடு அவிட்டுக்கொண்டு போய் மரமெல்லாத்தையும் திண்டிட்டுது. கட்டி வையுங்கோவன்.”

“கட்டித்தான் வைச்சனான் பிள்ளை. கயிறை அறுத்துப்போட்டுது.” அவர் முகம் வெளுத்திருந்தது. “இனிமேல் பாத்துக்கொள்ளுறன்.”

அதற்குப் பிறகும் போனது. புதுக் கயிறு, அதையும் அறுத்தது. படலையைத் தள்ளிக்கொண்டு போனது. அது வரைக்கும் பரம சாதுவாக இருந்த மாடு. புங்கைகளையும் விடவில்லை. ஒழுங்கைக் கோடியில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் வந்து என் படலையில் நின்று, சபைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார். பசளைச் சாக்கு வைத்திருந்த இடத்துக்குக்கூட அது வந்து முகர்ந்து பார்த்ததாம். எல்லோரும் கூடிக் கதைப்போம் என்று ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலைக்குக் கூப்பிட்டேன். அக்காவுக்கும் சொன்னேன். தலையிடி, வர ஏலாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, முகத்துக்கு முன்னால் எப்படிக் கதைப்பது?

கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. மரத்துக்குக் கூடு அடிப்போம். படலைக்குச் சங்கிலி போடுவோம். வாத்தியார் நாடியைத் தடவிக்கொண்டு, “மாட்டுக்குத் தீன் காணாதோ தெரியேல்லை,” என்றார்.

“ஏன் காணாது?” என்றாள் எதிர்வீட்டுக்காரி, என் பக்கம் கையைக் காட்டி. “தபால் கந்தோர் அக்கா வீட்டு வாளி ஒவ்வொரு நாளும் போகுதுதானே. அவையள் இரண்டு பேரும் பொட்டுக்குள்ளாலை உயிரும் உடம்பும் மாதிரி. அதுதான் நாங்கள் தொட்டிக்கை போடத் துவங்கினது.”

“நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்,” என்றார் வாத்தியார்.

“நாங்களும்,” என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன், நான் நிறுத்திவிட்டேன் என்று. சைவ வீடுகள் கொடுக்கும் என்று நினைத்தேன் என்று. எங்கள் வீட்டு மச்சத்தோடு அக்காவை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன் என்று.

ஒழுங்கை முழுதும் ஒருவரை ஒருவர் நம்பி, ஒருவரும் கொடுக்காமல் விட்டிருக்கிறோம். அந்த மாட்டுக்குப் போக வேண்டிய தோலையெல்லாம் தொட்டியில் போட்டு, பசளையாக்கி, மரத்துக்குக் கொட்டியிருக்கிறோம். மாடு வந்து அந்த மரத்தைத் தின்றிருக்கிறது. தனக்கு வர வேண்டியதைத்தான் அது தேடி வந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

நான் கைத்தொலைபேசியை எடுத்து அங்கேயே வைத்துச் சபைப் பிள்ளையைக் கூப்பிட்டேன். மாட்டுக்குக் கொடுத்தால் திட்டத்துக்குப் பிழையோ என்று கேட்டேன்.

“ஐயோ அன்ரி, அது எங்களுக்கு இன்னும் நல்லதெல்லோ,” என்றார் அந்தப் பிள்ளை. “வீட்டிலை மாடு, கோழி நிண்டால் அதுகளுக்குக் குடுக்கச் சொல்லித்தான் நாங்கள் சொல்லுறனாங்கள். உங்கடை ஒழுங்கையிலை மாடு இருக்கெண்டு ஆரும் சொல்லேல்லையே.”

ஒருவரும் சொல்லவில்லைத்தான். பொறுப்பாளர் நான்.

அன்றைக்கு எல்லோரும் ஒரு மாதிரிக் குற்ற உணர்ச்சியோடும் ஒரு மாதிரிச் சந்தோஷத்தோடும் கலைந்து போனோம். பிழை தெரிந்துவிட்டது, திருத்துவது சுகம். நாளையிலிருந்து வாளிகள் போகும். இவரிடம் சொன்னபோது, “இப்பவே போய் அவவிட்டைச் சொல்லுமன்,” என்றார். தலையிடி என்றவரைப் போய் எழுப்புவானேன், காலையில் வாளியோடு போனால் வாளியே சொல்லிவிடும் என்றேன்.

ஞாயிறு காலை நாங்கள் இருவரும் பூசைக்குப் போனோம். வரும்போது நாவாந்துறைச் சந்தையில் மீன் வாங்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் முழு மரக்கறி. வேண்டுமென்றே நிறைய வெட்டினேன், பூசணி, வாழைக்காய், முளைக்கீரை. பழைய வாளியைத் தேடி எடுத்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீரும் தோலுமாக நிரப்பிக்கொண்டு பொட்டடியில் வைத்தேன். அக்காவே வந்தார்.

வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவ்வளவு?”

“இனி ஒவ்வொரு நாளும் வருமக்கா. ஒழுங்கை முழுக்க வரும்.”

அவர் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வாளி கழுவிக் கவிழ்த்தபடி பொட்டடியில் இருந்தது. என் மனம் இறகு போலாகிவிட்டது. படலைப் பக்கம் எதிர்வீட்டுக்காரியின் குரல் கேட்டது. வாத்தியார் ஒரு பெரிய சட்டியோடு போனார். பின்னேரம் வரைக்கும் ஆள் மாறி ஆள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் அக்கா படலையில் நின்று வாங்கினார். ஒருவரையும் உள்ளே வரச் சொல்லவில்லை. வீட்டுக்குள் படுத்துக் கிடந்த ஆள்தானே, களைப்பாக இருக்கும் என்று நினைத்தோம்.

மறுநாள் திங்கள், உழவுயந்திரம் வருகிற நாள். பொறுப்பாளர் என்று நான் வழக்கம்போல ஒழுங்கையில் ஒருமுறை நடந்து, தொட்டிகளில் பிளாஸ்ரிக் கிடக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுத் தொட்டி அரைவாசி. வாத்தியார் வீட்டுத் தொட்டியில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் கொஞ்சம் சோறு.

அக்காவின் படலையடியில் இருந்த தொட்டிக்கு மூடி பொருந்தவில்லை. மேலே வாழைக்காய்த் தோலும் பூசணித் தோலும் தள்ளிக்கொண்டு நின்றன. பக்கத்தில் ஒரு உரப்பையில் மிச்சம் கட்டி வைத்திருந்தது. நான் வெட்டின முளைக்கீரைத் தண்டு எனக்குத் தெரியாதா? அதற்குக் கீழே வாத்தியார் வீட்டுச் சட்டியின் கத்தரிக்காய். ஒழுங்கை முழுதும் கொடுத்தது எல்லாம் அதற்குள் இருந்தது.

படலையைத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடினேன். கொட்டில் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. அக்கா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

“மாடு எங்கையக்கா?”

“சண்டிலிப்பாயிலை. என்ரை தம்பியின்ரை மோள் வீட்டை. அவையளுக்குத் தோட்டக்காணி, புல்லுக்குக் குறைவில்லை. இறைச்சிக்குப் போகாது, அது எனக்குக் காணும்.”

“எப்ப கொண்டு போனவை?”

“முந்தநாளே வரச் சொல்லிப்போட்டன். நேற்று விடியத் தம்பி லான்ட்மாஸ்ரர் வண்டில் கொண்டந்து ஏத்தினவன். நீங்கள் பூசைக்குப் போட்டியள்.” இலையை உருவுவதை நிறுத்தவில்லை. “சபைக்குச் சொல்லி, அவங்கள் வந்து கேட்டு, எல்லாரும் நிண்டு பாக்க… அதுக்கு முதல் போறது நல்லதெண்டு நினைச்சன்.”

பக்கத்திலிருந்த பலகைக் கட்டையில் இருந்துவிட்டேன்.

“பிறகேனக்கா எங்கடை வாளியளை வாங்கினனீங்கள்?”

“ஆசையோடை கொண்டந்தனீங்கள். மாடு போயிட்டுதெண்டு சொன்னால் உங்களுக்குத்தானே முகம் செத்துப்போகும்.”

முகம் செத்துத்தான் போயிற்று. வாசிகசாலையில் நடந்தது முழுவதையும் சொன்னேன், அவர்கள் என்னை நினைத்ததும் நான் அவர்களை நினைத்ததும், இறால் கோதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கிருந்த வெட்கமும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். இறால் கோது வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தார், அவருக்கு அது ஞாபகமே இருக்கவில்லை.

“ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அக்கா. ஒரே ஒரு சொல்லு. நான் ஓடியோடித் தந்திருப்பனே.”

“தந்திருப்பீர் பிள்ளை. அது எனக்குத் தெரியாதே?” உருவின இலையைச் சுளகில் தட்டிவிட்டு அவர் எழும்பினார். “கேளாமல் வருமோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் பொட்டடியிலை வந்து பாத்தனான்.”

வெளியில் உழவுயந்திரத்தின் சத்தம் கேட்டது. அக்காவின் தொட்டி ஒருவரால் தூக்க ஏலாத பாரம். சபை ஆளோடு சேர்ந்து நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.